புதிதா, பழையதா? மலைமேல் ஒரு விளையாட்டுக் கணினியின் கணக்கு

குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி அமைக்க விரும்பும் ஏற்காட்டுப் பகுதியினர் எந்தப் பாகத்தைப் புதிதாக வாங்க வேண்டும், எதைப் பழையதாக வாங்கலாம் என்பதைப் பாகம் பாகமாக ஆராயும் சிறப்புக் கட்டுரை.

குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி அமைக்க முற்படுவோர் முதலில் எதிர்கொள்வது, பாகங்களைப் புதிதாக வாங்குவதா, பிறர் பயன்படுத்தி விற்றவற்றை வாங்குவதா என்னும் கேள்வியாகும். கடைகள் அருகிலிருக்கும் நகரங்களில் இக்கேள்வி விலை வேறுபாட்டைப் பார்ப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. சேர்வராயன் மலையில் அவ்வளவு எளிதாக முடிவதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிலோ, அதைச் சூழ்ந்த தலைச்சோலை, நாகலூர் போன்ற சிற்றூர்களிலோ வாழும் ஒருவர், பழுதான பாகத்தை மாற்ற 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சேலத்துக்கு இறங்க வேண்டியிருக்கிறது. அங்கும் அது கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவையோ பெங்களூரு எஸ்.பி. சாலையையோ நாட வேண்டியிருக்கிறது. இடி மின்னலும், மூடுபனியின் ஈரமும், ஏறி இறங்கும் மின்னழுத்தமும் இந்தத் தொலைவோடு சேரும்போது, ஒரு பாகத்தின் விலைச்சீட்டு அதன் முழு விலையைச் சொல்வதில்லை.

இக்கட்டுரையில் கணினி என்பது, கடைக்காரர்கள் ‘அசெம்பிள்டு’ என்று குறிப்பிடும், தனித்தனியாக வாங்கிய பாகங்களைக் கொண்டு கோத்த மேசைக் கணினியைக் குறிக்கும். கணக்கிடும் பிராசஸர், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு, தற்காலிக நினைவகமான ரேம், நிரல்களையும் விளையாட்டுகளையும் சேமிக்கும் எஸ்.எஸ்.டி, திரைக்காட்சியை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைப் பாகங்களுக்கு ஏற்ற குறைந்த மின்னழுத்தமாக மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ், இவற்றை உள்ளடக்கும் கேபினெட் ஆகிய ஏழும் அதன் உறுப்புகள். அவை ஒரே வகையில் தேய்வதும் இல்லை, பழுதானால் ஒரே அளவு சேதம் விளைவிப்பதும் இல்லை. எனவே முழுக் கணினிக்கும் சேர்த்து ‘புதிது நல்லது’ என்றோ ‘பழையது லாபம்’ என்றோ ஒரே விடை கூற இயலாது.

பழைய சந்தையின் ஊற்றுக்கண்கள்

பயன்படுத்திய பாகங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை அறிந்தால், அவற்றின் உடல்நிலையைப் பாதி அறிந்ததாகிவிடும். முதல் ஊற்று கிரிப்டோ நாணயச் சுரங்கப் பணி, அதாவது ‘மைனிங்’. எத்தீரியம் என்னும் மின்னணு நாணயத்தின் பரிமாற்றங்களைச் சரிபார்க்கும் கணக்கீட்டுக்கு உலகெங்கும் கிராபிக்ஸ் கார்டுகள் இரவுபகலாக இயக்கப்பட்டு வந்தன. 2022 செப்டம்பர் 15 அன்று அந்த வலையமைப்பு கார்டுகள் தேவைப்படாத வேறு முறைக்கு மாறியதும், வேலையிழந்த கார்டுகள் பழைய சந்தைகளில் வந்து குவிந்தன. மைனிங்கில் ஓடிய கார்டு என்றாலே வீண் என்னும் கருத்து முழு உண்மையன்று. ஒரே சீரான சுமையில் ஓடிய கார்டு, சூடாவதும் ஆறுவதுமாக மாறி மாறி இயங்கும் விளையாட்டுக் கார்டைவிடப் பற்றாசு இணைப்புகளில் குறைவான திரிபையே சந்தித்திருக்கக்கூடும். ஆனால் அதன் விசிறிகளும், நினைவகச் சில்லுகளின் வெப்பத்தைக் கடத்தும் மெத்தைப் பட்டைகளும் நிச்சயம் தேய்ந்திருக்கும்.

இரண்டாவது ஊற்று, அலுவலகங்கள் குத்தகை முடிந்து கழிக்கும் மேசைக் கணினிகள். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வரிசைக் கணினிகள் குளிரூட்டிய அறையில் மென்மையான வேலை செய்தவை என்பதால் உள்ளுறுப்புகள் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். எனினும், அவற்றின் சிறு வடிவங்களில் எஸ்.எம்.பி.எஸ் 200 முதல் 260 வாட் அளவிலேயே அமைவதுடன், அதன் இணைப்பிகளும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவையாக இருப்பதால், பின்னாளில் வலுவான ஒன்றை மாற்றிப் பொருத்துவது கடினம். மதர்போர்டின் செருகுவாய் வழியே மட்டும் கிடைக்கும் 75 வாட்டுக்குள் இயங்கும் ஜி.டி.எக்ஸ் 1650 போன்ற கார்டே இத்தகைய பெட்டிகளுக்கு எல்லையாகிறது. உயரம் குறைந்த பெட்டியாயின் அதற்கேற்ற குட்டை வடிவக் கார்டைத் தேட வேண்டும்.

மூன்றாவது ஊற்று, சர்வர்களிலிருந்து கழற்றப்பட்ட ஸியான் பிராசஸர்களைச் சீனத்தில் புதிதாக அச்சிட்ட ‘எக்ஸ்79’, ‘எக்ஸ்99’ மதர்போர்டுகளோடு இணைத்து விற்கும் கட்டுகள். பத்துக்கு மேற்பட்ட கோர்கள், அதாவது பிராசஸருக்குள் தனித்தனியே கணக்கிடும் உட்கருக்கள், என்னும் எண் கவர்ச்சியானது; ஆனால் விளையாட்டுகள் கோர்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரின் வேகத்தையே பெரிதும் சார்ந்திருப்பதாலும், எக்ஸ்79 பலகைகளில் அமரும் பழைய ஸியான்களில் சில புதிய விளையாட்டுகள் கட்டாயமாக்கும் ‘ஏ.வி.எக்ஸ்2’ கட்டளைத் தொகுதி இல்லாததாலும், இவை விளையாட்டுக்குப் பொருந்துவதில்லை. நான்காவது ஊற்றே மிகவும் நம்பத்தக்கது: தமக்கென வாங்கி, இரண்டு மூன்று ஆண்டுகள் விளையாடி, உயர்ந்த மாதிரிக்கு மாறும் தனிநபர் விற்கும் பாகத்துக்கு அசல் பில்லும், சில வேளைகளில் மீதமுள்ள வாரண்டியும் உடன் வரும்.

லாபத்தை அளக்கும் முறை

பழைய பாகத்தின் லாபம் அதன் தள்ளுபடியில் மட்டும் இல்லை. அது பழுதாகும் வாய்ப்பும், பழுதானால் ஏற்படும் மொத்த இழப்பும் சேர்ந்தே லாபத்தைத் தீர்மானிக்கின்றன. விளக்கத்துக்காக, மூன்றாண்டு வாரண்டியுள்ள புதிய கிராபிக்ஸ் கார்டின் விலை 20,000 ரூபாய் என்றும், வாரண்டி முடிந்த அதே கார்டு 12,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றும், மலையிலிருந்து இறங்கி ஏறும் செலவு 500 ரூபாய் என்றும் கொள்ளலாம். பழையதை வாங்கினால் 8,000 ரூபாய் மிச்சம். அது மூன்றாண்டுக்குள் பழுதானால் புதியதொன்றுக்கும் பயணத்துக்குமாக 20,500 ரூபாய் செலவாகும். 8,000-ஐ 20,500-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 39 விழுக்காடு வருகிறது. பழுதாகும் வாய்ப்பு இதைவிடக் குறைவு என்று நம்ப இடமிருந்தால் பழைய கார்டே சிக்கனமானது. அதே கார்டுக்கு விற்பவர் 16,000 ரூபாய் கேட்டால் அந்த எல்லை 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இதே கணக்கை எஸ்.எம்.பி.எஸ் மீது செலுத்தினால் விடை தலைகீழாகிறது. புதியது 4,000 ரூபாய், பழையது 2,500 ரூபாய் என்றால் மிச்சமாவது 1,500 ரூபாய். ஆனால் எஸ்.எம்.பி.எஸ் செயலிழக்கும்போது தவறான மின்னழுத்தத்தை வெளிவிட்டு, அதனோடு இணைந்த 30,000 ரூபாய்ப் பாகங்களையும் அழிக்கக்கூடும். அந்நிலையில் இழப்பு 34,000 ரூபாய். பழுதாகும் வாய்ப்பு ஐந்து விழுக்காட்டை எட்டுவதற்கு முன்பே பழையது நட்டமாகிவிடுகிறது. பழுதுகளில் பாதி மட்டுமே பிற பாகங்களைப் பாதிக்கும் என்று தளர்த்திக் கணக்கிட்டாலும் எல்லை எட்டு விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. ஆகவே ஒரு பாகத்தைப் பழையதாக வாங்கலாமா என்று முடிவு செய்வதில் அதன் வயதைவிட முக்கியமானது, அது சாகும்போது எதையெல்லாம் உடன் அழைத்துச் செல்லும் என்பதும், அதன் உடல்நிலையை வாங்கும் இடத்திலேயே சோதித்தறிய முடியுமா என்பதுமே ஆகும்.

பாகம் பாகமாக

இந்த இரு அளவுகோல்களின்படி பார்த்தால், பழையதாக வாங்க மிகவும் ஏற்றது பிராசஸர். அதில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. இயல்பான மின்னழுத்தத்தில் இயங்கியது பல ஆண்டுகள் கழித்தும் அதே வேகத்தில் கணக்கிடும். 2022-இல் வெளிவந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600 போன்ற ஆறு கோர் பிராசஸர்கள் இன்றும் பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் போதுமானவை. ஏ.எம்.டி.யின் ஏ.எம்4 வகையில் ஊசிகள் பிராசஸரின் அடியிலும், இன்டெல் வகையில் மதர்போர்டின் குழியிலும் இருப்பதால், வளைந்த ஊசி உண்டா என்று அதற்குரிய இடத்தில் உற்றுநோக்க வேண்டும். இப்பொது விதிக்கு ஒரு விலக்கு உண்டு: இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்வகைப் பிராசஸர்களில் மிகையான மின்னழுத்தத்தால் நிலைத்தன்மை கெடும் குறை கண்டறியப்பட்டு, 2024 ஆகஸ்டில் அதைத் தடுக்கும் ‘மைக்ரோகோடு’ என்னும் உள்நிரல் திருத்தம் வெளியிடப்பட்டது. அதற்கு முன்பே ஏற்பட்டுவிட்ட தேய்மானத்தை அத்திருத்தம் நீக்காது என்பதால், நிறுவனம் வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அத்தலைமுறை ஐ7, ஐ9 பிராசஸர்களை முன்வரலாறு தெரியாமல் வாங்குவது தவிர்க்கத்தக்கது.

ரேம் இரண்டாவது நல்ல தேர்வு. ‘மெம்டெஸ்ட்86’ என்னும் சோதனை நிரலை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டுப் பிழை எதுவும் வரவில்லையெனில் அதை நம்பலாம். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025-இன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியதும், மைக்ரான் நிறுவனம் குரூசியல் என்னும் தனது நுகர்வோர் வணிகத்தைக் கைவிடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்ததும், பழைய டி.டி.ஆர்4 ரேமுக்குப் புதிய மதிப்பை ஏற்படுத்தியுள்ளன. அதற்கடுத்த தலைமுறையான டி.டி.ஆர்5 ரேமைக் கோரும் புதிய மதர்போர்டை வாங்குவதற்கு முன், ரேமையும் சேர்த்த மொத்தச் செலவைக் கூட்டிப் பார்ப்பது அவசியம்.

கிராபிக்ஸ் கார்டிலேயே பணம் அதிகம் மிச்சமாகிறது, ஏமாற்றும் அதிகம் நிகழ்கிறது. ‘ஆர்.எக்ஸ் 580 2048எஸ்.பி’ என்னும் பெயரில் உலவும் கார்டு உண்மையில் ஆர்.எக்ஸ் 570-க்கு ஒப்பானது, அசல் ஆர்.எக்ஸ் 580-இல் 2,304 கணக்கீட்டு அலகுகள் உள்ளன. கார்டின் உள்ளிருக்கும் பயாஸ் நிரலை மாற்றி எழுதி, தாழ்ந்த மாதிரியை உயர்ந்த மாதிரியாகக் காட்டுவதும் நடைமுறையில் உண்டு, ‘ஜி.பி.யூ-இசட்’ என்னும் இலவச நிரல் இதில் பெரும்பாலானவற்றை அம்பலப்படுத்திவிடும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டுக்கு அந்த விதி இல்லை. ‘ஃபர்மார்க்’ போன்ற சுமைச் சோதனையைக் கடையிலேயே கால் மணி நேரம் ஓடவிட்டு, திரையில் புள்ளிகளோ கோடுகளோ தோன்றுகின்றனவா, விசிறி தட்டுகிறதா, சராசரி வெப்பத்துக்கும் மிகச் சூடான புள்ளியின் வெப்பத்துக்கும் இடையே பெரிய இடைவெளி உள்ளதா என்று பார்க்க வேண்டும். கடற்கரை நகரத்தில் இருந்த கார்டாயின், அதன் உலோகப் பட்டையிலும் திருகுகளிலும் துரு ஏறியிருப்பது உப்புக்காற்றின் அடையாளமாகும்.

மதர்போர்டு இடைநிலையில் நிற்கிறது. உற்பத்தி நின்றுபோன தலைமுறைகளுக்குப் பழைய மதர்போர்டைத் தவிர வேறு வழி எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் அதன் நூற்றுக்கணக்கான இணைப்புகளில் எது தளர்ந்துள்ளது என்பதைக் கடையில் செய்யும் குறுகிய சோதனை காட்டாது. ஆகவே பிராசஸர், ரேம் ஆகியவற்றோடு ஒரே கட்டாக, ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் பார்த்து வாங்குவதே பாதுகாப்பானது.

எஸ்.எஸ்.டி.யையும் ஹார்ட் டிஸ்க்கையும் புதிதாகவே வாங்குவது நல்லது. எஸ்.எஸ்.டி.யில் எழுதப்படும் தரவுக்கு ஓர் எல்லை உண்டு. சான்றாக, சாம்சங் 970 ஈவோ பிளஸ் 1 டெராபைட் எஸ்.எஸ்.டி.க்கு 600 டெராபைட் வரை எழுதுவதற்கு நிறுவனம் உறுதியளித்தது. அந்த எல்லையில் எவ்வளவு கரைந்துள்ளது என்பதை ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ நிரல் காட்டும் என்றாலும், திடீரென்று செயலிழந்தால் பல ஆண்டுச் சேமிப்பும் போய்விடும். ஹார்ட் டிஸ்க் சுழலும் தட்டுகளைக் கொண்டது. ஓராண்டு இடைவிடாது ஓடினால் 8,760 மணி நேரம் என்னும் கணக்கை வைத்து, அதன் மொத்த ஓட்ட நேரம் அது வீட்டில் இருந்ததா, கண்காணிப்புக் கேமராப் பதிவுப் பெட்டியில் இருந்ததா என்பதை ஊகிக்கலாம். கேபினெட், விசைப்பலகை போன்றவை பழுதானாலும் பிறவற்றைக் கெடுக்காதவை என்பதால் தயக்கமின்றிப் பழையதாக வாங்கலாம். மானிட்டரையும் முழு வெள்ளை, முழுக் கறுப்புத் திரைகளில் இறந்த புள்ளிகளைச் சோதித்து வாங்கலாம்.

மலை விதிக்கும் நிபந்தனைகள்

1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு என்பதால், விசிறிகள் அதே வேகத்தில் சுழன்றாலும் சற்றுக் குறைந்த வெப்பத்தையே வெளியேற்றும். ஆனால் கோடையில் சேலம் 40 டிகிரியை நெருங்கும்போதும் ஏற்காடு 30 டிகிரியை ஒட்டியே நிற்பதால், இந்த இழப்பு ஈடாகிவிடுகிறது. எனவே மலையில் விலையுயர்ந்த குளிர்விப்பானுக்குச் செலவிடுவதைவிட, அத்தொகையை மின்பாதுகாப்புக்குத் திருப்புவதே அறிவுடைமை.

மின்பாதுகாப்பில் அடிப்படையானது நில இணைப்பு, அதாவது எர்த்திங். சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்னும் கடும்பாறையால் ஆனது; மண்படலம் மெல்லியதாக உள்ள பாறைப்பாங்கான இடங்களில் எர்த்திங் குழிகள் போதிய ஆழமும் ஈரமும் பெறுவது கடினம். திடீர் மின் எழுச்சியைத் திசைதிருப்பும் ஸ்பைக் பஸ்டர் பலகைகள் நல்ல எர்த்திங் இருந்தாலன்றி முழுமையாகப் பயன்படா. இடி மழைக் காலங்களில் மின்செருகியைப் பிடுங்கி வைப்பதும், செப்புக் கம்பிவழி இணையம் இருந்தால் அதையும் கழற்றுவதும் இன்றும் மலிவான காப்பு. கண்ணாடி இழைவழி இணையம் மின்னெழுச்சியைக் கடத்துவதில்லை. மின்தடைக்காக வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்போர், அது சைன் அலை வகையைச் சேர்ந்ததா என்பதைப் பார்த்த பின்னரே கணினியை அதில் இணைக்க வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ்-இன் உள்ளே மின்னோட்டத்தைச் சீராக்கும் கெபாசிட்டர்களில் ஈர வேதிப்பொருள் உள்ளது; ஆண்டுகள் செல்லச் செல்ல அது உலர்வதால், மின்னழுத்தத் தடுமாற்றத்தைத் தாங்கும் வலிமை குறைகிறது. சமவெளியில் ஐந்தாண்டு உழைத்த எஸ்.எம்.பி.எஸ்ஸை மின்சாரம் அடிக்கடி தடுமாறும் மலைக்குக் கொண்டுவருவது, அதன் முதுமையைக் கடும்பணிக்கு அனுப்புவதாகும். ஈரத்தைப் பொறுத்தவரை, ஓடும் கணினி சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருப்பதால் அதில் பனி படியாது. வாரக்கணக்கில் அணைத்து வைத்த கணினியிலேயே ஈரமும் அரிப்பும் இறங்கும் என்பதால், மூடுபனிக் காலத்தில் அன்றாடம் சிறிது நேரமாவது அதை ஓடவிடுவது நன்று. கோத்த கணினியை வண்டியில் ஏற்றும்போது கனமான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனிப்பெட்டியில் வைக்காவிட்டால், வளைவுகளின் குலுக்கலில் மதர்போர்டின் செருகுவாய் பிளந்துவிடக்கூடும்.

மென்பொருள் முதுமையும் சட்டக் காப்பும்

வன்பொருள் நலமாக இருந்தும் மென்பொருள் ஆதரவு முடிந்துவிடுவதுண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்கும் ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசைக்கும் முந்தைய பிராசஸர்களில் பெரும்பாலானவற்றை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. வாலரன்ட் போன்ற இணையவழி விளையாட்டுகள் விண்டோஸ் 11-இல் ‘டி.பி.எம் 2.0’ என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டையும் ‘செக்யூர் பூட்’ வசதியையும் கட்டாயமாக்கியுள்ளன. ஒரு காலத்தில் பழைய சந்தையின் செல்லப்பிள்ளையாக இருந்த ஜி.டி.எக்ஸ் 1060 உள்ளிட்ட 10 வரிசைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தொடர்கிறது. ஆகவே இன்று பழைய கார்டு தேடுவோர், 2021-இல் வெளிவந்த 8 ஜிகாபைட் நினைவகமுள்ள ஆர்.எக்ஸ் 6600, 12 ஜிகாபைட் உள்ள ஆர்.டி.எக்ஸ் 3060 போன்ற மாதிரிகளிலிருந்து தொடங்குவது பொருத்தமானது.

சட்டக் காப்பு விற்பவரைப் பொறுத்து மாறுகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வணிகரிடம் சொந்தப் பயன்பாட்டுக்காகப் பொருள் வாங்கியவரைக் காப்பது. பழைய பொருள் விற்பதைத் தொழிலாகக் கொண்ட கடையும் அதற்குள் அடங்கும். வாங்குபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிட அச்சட்டம் இடமளிப்பதால், சென்னைக் கடையில் வாங்கிய பொருளுக்கும் ஏற்காட்டுவாசி சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக முடியும். விற்பனையைத் தொழிலாகக் கொள்ளாத தனிநபரிடம் வாங்கியதற்கு இந்த வழி எளிதாகத் திறப்பதில்லை. கடைகள் பழைய பாகத்துக்குத் தரும் ‘டெஸ்டிங் வாரண்டி’ சில நாள்களோ சில வாரங்களோ மட்டுமே நீடிப்பதால், அதன் காலத்தைப் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு, மலைக்குத் திரும்பியதும் வீட்டு மின்சாரத்தில் அதே சோதனைகளை மீண்டும் செய்து பார்க்க வேண்டும். முகம் தெரியாத விற்பனையாளருக்கு முன்பணம் அனுப்புவதைத் தவிர்ப்பதோடு, யு.பி.ஐ. வழியே பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை என்பதையும் நினைவில் கொள்ளல் நலம். பழைய கார்டை விற்கும்போது, பணம் பெறுவதற்கென்று எவரேனும் அந்த எண்ணை உள்ளிடச் சொன்னால் அது மோசடியே.

வாங்கும் வரிசை

மேற்கண்டவற்றைத் தொகுத்தால், மலையில் வாழ்பவருக்கு ஒரு வாங்கும் வரிசை கிடைக்கிறது. முதலில், தரச்சான்றும் நீண்ட வாரண்டியும் உள்ள புதிய எஸ்.எம்.பி.எஸ்ஸையும் புதிய எஸ்.எஸ்.டி.யையும் வாங்கி, எர்த்திங்கைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து, பிராசஸர், மதர்போர்டு, ரேம் மூன்றையும் இயங்கும் நிலையிலுள்ள ஒரே பழைய கட்டாகச் சேலத்திலேயே தேட வேண்டும். ரைசன் 5 5600ஜி போலத் திரைக்காட்சி உருவாக்கும் திறனையும் தன்னகத்தே கொண்ட பிராசஸர் கிடைத்தால், தனிக் கார்டு இல்லாமலேயே எளிய விளையாட்டுகளைத் தொடங்கிவிடலாம். கிராபிக்ஸ் கார்டை இறுதியில் வாங்குவதால் இரண்டு நன்மைகள் உண்டு: அவசரமின்றி நல்ல பில்லுள்ள கார்டுக்காகக் காத்திருக்கலாம், அது வரும்போது அதைச் சோதித்துப் பார்க்க, ஏற்கெனவே நம்பத்தக்கதென்று தெரிந்த ஒரு கணினி வீட்டில் தயாராக இருக்கும். புதிய எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குக் கூடுதலாகக் கொடுத்த 1,500 ரூபாய், இவ்வாறு பிற பாகங்களில் பல ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கும் துணிவைத் தருகிறது; சிக்கனம் எங்கே தொடங்க வேண்டும் என்பதை முதலில் செலவிட வேண்டிய இடமே காட்டிவிடுகிறது.